அக்காவுக்கு விட்ட இடம்

பாண்டி,

நல்ல செய்திகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கோபம் வருகிற செய்தி பிறகு. உன் தங்கை மகள் தீபா நர்சிங் முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெள்ளை உடுப்போடு வீடியோவில் வந்து, "அம்மாச்சி, கையக் காட்டு, ஊசி போடுறேன்" என்கிறாள். அவள் தம்பி செந்தில் கபடியில் மாவட்டம் வரை ஆடி, ஒரு முழங்கால் தோலைக் கொடுத்து ஒரு கோப்பையை வாங்கி வந்திருக்கிறான். உன் மகள் நிலா கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது. பால்காரரிடம் மூன்றாம் முறையாகச் சொல்லப் போனேன். "தெரியும் ஆச்சி, நூறு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, உன் மகன் கார்த்தி பட்டாளத்துக்குத் தேர்வாகிவிட்டான், மாதக் கடைசியில் பயிற்சிக்குக் கிளம்புகிறான். அஞ்சாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள் நான். என் பேரப்பிள்ளைகளின் பெருமையை எழுத எனக்கே எழுத்து போதவில்லை என்றால், இதைவிட வேறு என்ன வேண்டும்?

இனி அந்தச் செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற வக்கீலிடம் நீ போனிலேயே பேசி, பத்திரத்தாளில் அடித்து வாங்க வைத்தாயே ஒரு அபிடவிட், அதைக் கிழித்துவிட்டேன். அவசரப்பட்டுப் போனை எடுக்காதே. போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதத்தில்தான் நான் பேச நீ கேட்க முடியும். கடைசி வரி வரை படி. மருமகள் செல்வியும் படிக்கட்டும். கார்த்தி கட்டாயம் படிக்கட்டும். பட்டாளத்தார் வீட்டுப் பெண்கள் வேறு யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு, இதில் மறைக்க இனி எனக்கு ஒன்றும் இல்லை.

உன் தாத்தா, என் அப்பா, தை மாதம் போனார். அவர் பென்சனும் அவரோடு நின்றுபோயிற்று. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிற என் அம்மாவை, உன் அம்மாச்சியை, அந்தப் பென்சனை வைத்துத்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டோம். சேத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் வரை அவளைக் கவனிக்கிற பேச்சியின் சம்பளம், மருந்து, டாக்டர் எல்லாமே அதில்தான். எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. அம்மாவை ஒரு பக்கமாகப் புரட்டிப் போட்டால் என் முதுகு இரண்டு நாள் நிமிர மறுக்கிறது. இப்போது பேச்சியின் சம்பளத்தை நீ ஓசூரிலிருந்து அனுப்புகிறாய். நிலா காலேஜுக்குப் போகிற வருஷத்தில் அது உன்னை எப்படி நெருக்குகிறது என்று செல்வி சொல்லாமலே எனக்குத் தெரியும். பட்டாளத்துக்காரர் இறந்தால் மனைவிக்குக் குடும்பப் பென்சன் உண்டு, வைத்தியத்துக்கு அட்டை உண்டு. மனுப் போட்டால் வந்துவிடும் என்றுதான் நானும் பாங்குக்குப் போனேன். அப்பாவின் பென்சன் புத்தகத்தில் மனைவி பேர் சீனியம்மாள் என்று இருந்தது. அம்மாவின் ஆதாரில் குருவத்தாய் என்று இருக்கிறது. "இவங்க யாரு, அவங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சீனியம்மாள் என் பெரியம்மா. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் செத்து எழுபது வருஷம் ஆகப் போகிறது.

உனக்கு இதில் பாதிதான் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் தாத்தாவுக்கு இரண்டு பெண்கள். அப்பா அவர்களுக்கு அத்தை மகன். தாய் தகப்பன் இல்லாமல் தேவதானத்திலிருந்து வந்து அந்த வீட்டிலேயே வளர்ந்தவர். பட்டாளத்தில் சேர்ந்ததும் மூத்தவள் சீனியம்மாளைக் கட்டி வைத்தார்கள். லீவு முடிந்து அவர் போன பிறகு மாதம் ஒரு கடிதம் இங்கிருந்து போகும். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பு வரை படித்த அம்மாதான் எழுதுவாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தங்கை குனிந்து எழுதுவாள். அதனால் அப்பாவுக்குத் தன் பெண்டாட்டியின் கையெழுத்து என்றால் அது அம்மாவின் கையெழுத்துதான்.

ஆடி மாதம் வந்த காய்ச்சலில் பெரியம்மா நாலே நாளில் போய்விட்டாள். "எல்லையில நிக்கிற பிள்ள. கையில துப்பாக்கி இருக்கு. லீவுல வரட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்" என்று என் தாத்தா எல்லார் வாயையும் கட்டிவிட்டார். சீனியம்மாள் பேருக்கு வருகிற மணியார்டரை அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கடிதம் நின்றால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்று கடிதத்தையும் நிறுத்தவில்லை. ஏழு மாதம், செத்துப்போனவள் பேரில், அதே கையெழுத்தில் கடிதம் போயிற்று.

அப்பா லீவில் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று அம்மா எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள். நீ என் வயிற்றில் இருந்த சமயம். "நாந்தான் கதவத் தொறந்தேன். செம்புல தண்ணி குடுத்தேன். அவிய முழுசும் குடிச்சாக. அக்கா எங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. என்னத் தாண்டி என் தோளுக்குப் பின்னால பாத்தாக. அதுதாம்ட்டி எனக்கு இன்னைக்கும் பயமா இருக்கு." தன்னை அக்கா என்றே நினைத்துவிட்டாரா, இல்லை, தனக்குப் பின்னால் அக்கா நிற்பது அவருக்குத் தெரிந்ததா என்று அவள் அவரிடம் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதே இல்லை. அந்த லீவிலேயே இரண்டாவது பெண்ணையும் அவருக்கே கட்டி வைத்தார்கள். பட்டாளத்துப் புத்தகத்தில் பேரை மாற்றப் போனால் ஏழு மாதப் பணம் வெளியே வரும் என்று பயம். "விடப்பா, ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளதான்" என்றார் என் தாத்தா. அப்பா விட்டுவிட்டார். அவர் மனைவி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவரும் இல்லை, "இந்தா" என்பார், அவ்வளவுதான். ஆக, அம்மாவின் பேரை அந்த வீட்டில் யாரும் தேடவில்லை.

மூத்தாள் இறந்த இடத்துக்கு வாழ வந்தவள் மூத்தாளுக்குச் சேலை வைத்துக் கும்பிட வேண்டும் என்பது நம் வழக்கம். உனக்கு அந்த மூங்கில் பெட்டி ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். வருஷத்துக்கு ஒரு புதுச் சேலையைப் படைத்து அந்தப் பெட்டியில் வைப்போம். போன வருஷத்துச் சேலையை எடுத்து அம்மா உடுத்திக்கொள்வாள். அவள் கட்டிய நல்ல சேலை எல்லாமே ஒரு வருஷம் பெரியம்மா வைத்திருந்து கொடுத்ததுதான். கட்டிலிலும் அம்மா பாதியில்தான் படுப்பாள். மறுபாதியில் தலையணை இருக்கும், கை படாது. அப்பா பென்சன் வாங்கி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த படம் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ராஜபாளையத்தில் ஸ்டுடியோவுக்குப் போனோம். பெஞ்சில் உட்கார வைத்து, "நெருங்கி உக்காருங்கம்மா" என்று போட்டோக்காரர் மூன்று முறை சொன்னார். அம்மா நெருங்கவில்லை. "இது போதும். எடம் வேணும்லா" என்றாள். யாருக்கு இடம் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் படத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே சரியாக ஒரு ஆள் உட்காருகிற இடம் இருக்கிறது. பின்பக்கத்தில் அப்பா தன் பேரையும் பக்கத்தில் சீனியம்மாள் என்றும் எழுதியிருக்கிறார்.

இதை எல்லாம் உன்னிடம் போனில் சொல்லத் தொடங்கினேன். நீ, "எம்மா, செத்த நேரம் கேளு. சீனியம்மாளும் குருவத்தாயும் ஒரே ஆளுதான்னு ஒரு அபிடவிட் போட்டா முடிஞ்சுது. ஊருல பாதிப் பேரு அப்படித்தான் வாங்குதான்" என்றாய். உன் மேல் தப்பில்லை. "சரிப்பா" என்று சொன்னது நான். விசாரிக்க ஆள் வந்தால் அம்மா உளறிவிடக் கூடாதே என்று நான் செய்த காரியத்தைத்தான் இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

காலையில் கஞ்சி ஊட்டும்போதும் சாயங்காலம் காப்பி கொடுக்கும்போதும் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். "ஒன் பேரு என்ன?" "குருவத்தாய்." "இல்லம்மா. சீனியம்மாள்." "அது அக்கா பேருல்லா?" "இப்ப நீதான்." "ஏட்டி, அவ கோவிச்சுக்கிடுவா." ஒரு வாரம் முரண்டு பிடித்தாள். சரியாகச் சொன்ன அன்றைக்கு ஒரு துண்டுக் கருப்பட்டி வாயில் போட்டேன். நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரி என் அம்மாவைப் பழக்கினேன், பாண்டி. மூன்றாவது வாரம் கேட்ட உடனே சொன்னாள். நாலாவது வாரம் கேட்காமலே சொன்னாள். அதற்குப் பிறகு "குருவத்தாய்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் பேச்சிதான் கவனித்தாள். "யக்கா, ஆச்சி டம்ளர எடது கையில வாங்குதாக, பாத்தியளா?" நான் போய் நின்று பார்த்தேன். அம்மா பிறவியில் வலக்கைக்காரி. இடது கையால் சோற்றைப் பிசைந்து, நிதானமாக, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மா இடக்கைக்காரி. அது அம்மா சொல்லி எனக்கு மட்டும்தான் தெரியும், பேச்சிக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், வயதானால் மூளையில் அப்படியும் இப்படியும் ஆகும் என்றார். ஆகட்டும். ஆனால் தட்டின் ஓரத்தில் ஒரு கை சோற்றை ஒதுக்கி, "இது குருவத்தாய்க்கு. பிள்ள பசியோட எழுதிக்கிட்டிருக்கா" என்று சொல்கிறவளுக்கு எந்த மூளையில் என்ன ஆயிற்று என்று நான் யாரிடம் கேட்பது? கட்டிலிலும் இடம் மாறிவிட்டாள். இத்தனை வருஷம் சுவர்ப் பக்கம் காலியாகக் கிடந்த பாதியில் இப்போது அவள் படுக்கிறாள். தான் படுத்த பாதியைக் காலியாக விட்டு அதைத் தடவிக் கொடுக்கிறாள். பேச்சி பயத்தை மறைக்க, "ரெண்டு பேரப் பாக்கேன், ரெண்டு சம்பளம்லா தரணும்" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பு. ஒரு மத்தியானம் மூங்கில் பெட்டியைக் கை நீட்டிக் காட்டி, "எஞ் சேலையெல்லாம் ஏன் பூட்டி வச்சிருக்கிய? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டாள். பேச்சி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

வருவாய் ஆய்வாளர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உன் தங்கை வயதிருக்கும், கண்ணாடி போட்ட பெண். அபிடவிட்டை வாங்கிப் படித்துவிட்டு அம்மாவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "பாட்டி, ஒங்க பேரு என்ன?"

"சீனியம்மாள்." நான் கதவோரம் நின்று மூச்சு விட்டேன்.

"கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா பாட்டி?"

"ஒரு தங்கச்சி. குருவத்தாய்."

"அவங்க எங்க இருக்காங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அழவில்லை, பதறவில்லை. தண்ணீர் காலி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அவ செத்துட்டா. இந்தா நிக்கிதாளே, இவதான் அவளக் கொஞ்சங் கொஞ்சமா முடிச்சா. இனிப்புக் குடுத்து."

அந்தப் பெண்ணின் பேனா காகிதத்தில் இறங்கியது. குருவத்தாய் என்று முதல் எழுத்தை அவள் எழுதுவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு வரியில் என் அம்மா சர்க்கார் காகிதத்தில் செத்துப்போவாள், எழுபது வருஷத்துக்கு முன்னால் செத்தவள் இந்தக் கட்டிலில் பென்சன் வாங்குவாள். "எழுதாதீங்கம்மா" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். அதிகாரி கையைப் பிடிக்கக் கூடாது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. உனக்கு மேலே எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். மணியார்டரையும் சொன்னேன். கருப்பட்டியையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத நான் மேல அனுப்பியிருந்தா, நாளைக்கு இவங்க தவறினா எந்தப் பேருல எறப்புச் சான்று வாங்குவீங்க, ஆச்சி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் பாண்டி, நான் பத்திரத்தாளை வாங்கிக் கிழித்தேன். வக்கீலும் நீயும் நானும் மூன்று பேர் யோசித்தும் அந்த ஒரு கேள்வி நமக்கு வரவில்லை.

உண்மையைச் சொன்னாலும் வழி இருக்கிறது, நாளாகும் என்றாள். மூத்தவள் இறந்ததற்கு ஆதாரம் வேண்டும். இளையவளைக் கட்டியதற்கு ஆதாரம் வேண்டும். முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மனு எழுதித் தருகிற பெரியவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். பழைய மணியார்டர் விஷயத்தைப் பயந்து பயந்து சொன்னேன். "எழுபது வருசத்துக்கு முந்துன மணியார்டருக்கு இப்ப எந்த கர்னல் வந்து ஒங்க கதவத் தட்டப்போறாரு? இருக்கத எழுதுங்க தாயி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தேட மூன்று தடவை அலைந்தேன். மூன்றாம் தடவை கிடைத்தது. சீனியம்மாள், மடவார் வளாகம், காய்ச்சல், ஆடி மாதத்துத் தேதி. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் என் தாத்தா பேர். மருமகனிடம் ஏழு மாதம் மறைத்த மனுஷன் சர்க்காரிடம் மறுநாளே சொல்லியிருக்கிறார்.

அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பாவின் டிரங்குப் பெட்டியை முழுவதும் கவிழ்த்தேன். அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே கடிதக் கட்டு இருந்தது. அப்பா எந்தக் கடிதம் வந்தாலும் கைக்கு வந்த தேதியை நீலப் பென்சிலால் மேலே குறிப்பார் என்று உனக்குத் தெரியும், கரண்டு பில்லில்கூடக் குறிப்பார். பெரியம்மா இறந்த தேதிக்குப் பிறகு வந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். எட்டு இருந்தன. ஏழு கடிதத்திலும் "அத்தானுக்கு சீனியம்மாள் எழுதிக்கொண்டது" என்று தொடக்கம். பசு கன்று போட்டது, கூரைக்கு ஓடு மாற்றியது என்று வீட்டுச் செய்திகள். ஆனால் ஒவ்வொன்றிலும் நடுவில் இரண்டு வரி வேறு மாதிரி இருந்தது. "இங்கே குளிர் அதிகமாக இருக்கிறது. விளக்கு இல்லை. ஆனாலும் பழகிவிட்டது" என்று ஒன்றில். நம் ஊரில் ஏது குளிர், பாண்டி? புரட்டாசி வெயிலில் எழுதிய கடிதம் அது. "நான் கூப்பிடுவது யாருக்கும் கேட்கவில்லை, தங்கைக்கு மட்டும் கேட்கிறது" என்று இன்னொன்றில். ஏழாவதில், "தங்கை நல்ல பிள்ளை. அவளை விட்டுவிடாதீர்கள்" என்று இருந்தது. பட்டப்பகலில், பேச்சி துணி அலசுகிற சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். இருந்தாலும் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்துதான் எட்டாவதைப் பிரித்தேன்.

அதை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். "அத்தானுக்கு குருவத்தாய் எழுதுவது. அக்கா ஆடியிலேயே போய்விட்டது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னார்கள். இத்தனை நாளும் அக்கா பேரில் எழுதியது நான். நீங்கள் லீவில் வரும்போது கதவைத் திறப்பது நானாக இருப்பேன். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்."

அம்மா விட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு, "மத்ததெல்லாம் அக்கா சொன்னா, நான் எழுதினேன்" என்றாள். "செத்த பொறவுமாம்மா?" என்று கேட்டேன். "அவ பக்கத்துல ஒக்காந்து சொல்லுவா. நான் குனிஞ்சு எழுதுவேன். நிமுந்தா இருக்க மாட்டா. அதனால நிமுர மாட்டேன்." பிறகு கடிதத்தைத் தொட்டுக் காட்டினாள். "இத மட்டும் அவ சொல்லல. இது நானா எழுதுனது. ஆனா இது அவியளுக்குப் போய்ச் சேரலட்டி. சேந்திருந்தா கேட்டிருப்பாக."

நான் கடிதத்தைத் திருப்பி அந்த நீலப் பென்சில் குறியை அவள் கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். கடிதங்களோடு இருந்த லீவுச் சீட்டின் தேதிப்படி, லீவுக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அது அப்பா கைக்குப் போயிருக்கிறது. "அப்பாவுக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் வந்திருக்காக. நீதான்னு தெரிஞ்சுதான் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்காக." எண்பத்தெட்டு வயது, எழுபது வருஷமாக ஒரு செம்புத் தண்ணீரை நினைத்துப் பயந்தவள். அந்த நீலத் தேதியை விரலால் தடவினாள். தடவியது வலது கை. "சொல்லித் தொலச்சிருக்கலாம்லா மனுசன்" என்றாள். அம்மாவின் குரலில் சொன்னாள்.

பெரியம்மா போய்விட்டாள் என்று நான் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது. கட்டிலில் அம்மா மறுபடி தன் பாதிக்கு வந்துவிட்டாள், சுவர்ப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை, "யாரு சொல்லி எழுதுத?" என்று கேட்டுவிட்டாள். "யாரும் சொல்லல, நானே எழுதுதேன்" என்று பதில் சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மனுவைப் புதிதாகப் போட்டாயிற்று. பதிவேட்டு நகல், அந்த எட்டாவது கடிதம், மடவார் வளாகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற இரண்டு பேரின் சாட்சி, எல்லாம் அந்தக் கண்ணாடிப் பெண் வழியாகப் போயிருக்கிறது. கைநாட்டு வைக்கலாம் என்றார்கள். அம்மா பேனாவைக் கேட்டு வாங்கி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில் குருவத்தாய் என்று அவளே எழுதினாள். எழுதி முடிக்க ஒரு காப்பி ஆறுகிற நேரம் ஆயிற்று, அந்தப் பெண் பொறுமையாக நின்றாள். எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கிடைக்காமலும் போகலாம். பென்சன் வருவதற்கு முன்னால் அம்மா போய்விடவும் கூடும். அப்படிப் போனால் அவள் பேரில் போவாள். அதற்கு விலை இந்த மாதங்கள். அதை உன் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். முன்னறையை மில்லில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன், பேச்சி சம்பளத்தில் ஒரு பங்கு அதில் போகும். மீதியை நீ இன்னும் கொஞ்ச நாள் தாங்கிக்கொள். நிலா படிப்பில் கை வைக்காதே. தாங்க முடியாத மாதத்தில் சொல், மறைக்காதே. இந்த வீட்டில் நல்லெண்ணத்தோடு மறைத்த ஒரு விஷயம் எத்தனை வருஷம் ஓடியது என்று பார்த்துவிட்டாய்.

கார்த்தியிடம் சொல். பயிற்சிக்குப் போனதும் வீட்டார் விவரம் எழுதப் படிவம் தருவார்கள். எல்லார் பேரையும் சரியாகப் பார்த்து எழுதட்டும். நாளை அவனுக்குக் கல்யாணம் ஆனால் அந்த மாதமே எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும், எந்த எல்லையில் நின்றாலும், நாம் அவனிடம் அன்றைக்கே சொல்லிவிடுவோம் என்று என் பேரில் சத்தியம் செய்து அனுப்பு. தனக்குத் தெரிந்ததை அவனும் வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும். உன் தாத்தா நல்ல மனுஷர். ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் அம்மா கட்டில் முழுவதிலும் படுத்துத் தூங்கியிருப்பாள்.

மனுவுக்கு அம்மாவின் படம் வேண்டும் என்று ஸ்டுடியோவிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்தான். பேச்சி தலை சீவி விட்டாள். சாய்த்து உட்கார வைத்ததும் அம்மா வழக்கம் போல ஓரத்துக்கு நகர்ந்தாள். "பாட்டி, நடுவுல வாங்க. ஒங்க ஒருத்தர் படந்தான்" என்றான். "எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள். "ஒங்களுக்கு மட்டுந்தான்." பக்கத்தில் இருந்த காலியிடத்தை ஒரு தடவை பார்த்தாள். யாரிடமோ கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு நடுவுக்கு வந்தாள்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நீயும் செல்வியும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வருகிற படத்துக்குப் பின்பக்கம் கிடையாது, எனக்குப் பின்பக்கம் வேண்டும். அதில் அவரவர் பேரை அவரவர் கையாலேயே எழுதுங்கள். கார்த்தி கிளம்புவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது நடுவில் இடம் விடாதீர்கள், நெருங்கி நில்லுங்கள்.

அம்மா